கிறிஸ்மஸ் வரைக்கும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்.

"இன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டே சேவ் பண்ணிட்டேன் தம்பி. ஒரு கீறல் இல்ல."

"ஏன் அண்ணாச்சி அப்படி?"

"பார்வை கொஞ்சங் கொஞ்சமா போயிக்கிட்டிருக்கு. இனி வைத்தியம் இல்லன்னுட்டாங்க. ஹார்பர்ல கிரேன் ஓட்டுன கண்ணு. முதல்ல ரொம்பப் பயந்தேன். அப்புறம், தெரியும்போதே பழகிக்கிடுவோம்னு ஆரம்பிச்சேன். இப்போ கண்ண மூடிக்கிட்டே டீ போடுதேன், துணி மடிக்கேன்."

"தைரியமாத்தான் இருக்கீய."

"மத்ததெல்லாம் பழகிட்டு. மவ மொகத்தத்தான் பாக்கணும். துபாய்ல வேல பாக்கா. போன்ல அவ மொகம் கலங்கலாத்தான் தெரியுது. கிறிஸ்மஸுக்கு வாரா. அது வரைக்கும் இந்த வலது கண்ணு தாங்குனாப் போதும்."

வெளியே ஆறுமுகநேரி உப்பளங்கள் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தன. அவர் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இப்பவே வரச் சொல்லலாம்லா அண்ணாச்சி?"

"அவகிட்ட இன்னும் விஷயத்தையே சொல்லல."

"ஏன்?"

"சொன்னா அழுத மொகத்தோடல்லா வந்து இறங்குவா. நான் கடைசியாப் பாத்து வைக்கிற மொகம் சிரிச்ச மொகமா இருக்கட்டும் தம்பி."