ஏணித் தலைப்பில் இரண்டு சாண்

அலுமினியக் கூரையை உச்சிவெயிலில் துடைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. சோப்புத்தண்ணீர் அப்படியே காய்ந்து வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். ஈரம் உலர்ந்த காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான் ஏற வேண்டும். செருப்பு ஆகாது. இடுப்புக் கயிற்றைப் பக்கத்துப் புளியமரத்தில் கட்டிக்கொண்டு, பலகை போட்டு அதன்மேல் மண்டியிட வேண்டும். ஏணிக்கு எதிர்க்கோடியில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து ஏணிக்கு வர வேண்டும். ஏணித் தலைப்பில், ஏணி கூரையைத் தொடுகிற இரண்டு சாண் இடத்தில் மட்டும் பாலிஷ் போடவே கூடாது. கால் வைக்கிற இடம் அது.

கம்பைநல்லூர்ப் பக்கம் பாறை தோண்டிப் பார்க்கிற சர்வே முகாமில் எனக்கு வேலை. ஆபீசர் முனிராஜ் குடியிருந்ததே ஒரு வண்டிக்குள்தான். கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். லாரியில் மாட்டி இழுத்துப் போகலாம். அவர் காரவான் என்பார், ஊரார் சக்கர வூடு என்பார்கள். அதன் கூரையைப் பளபளப்பாக வைத்திருப்பது எனக்கும் என் தம்பி அருள்நாதனுக்கும் வேலை. ஆறு வருஷம் கூரைக்கும் கீறல் இல்லை, எங்களுக்கும் காயம் இல்லை.

எழுபதாம் வருஷம் ஆடியில், பலகையும் கயிறும் வேண்டாம் என்றார் முனிராஜ். பலகை கூரையைக் கீறுகிறதாம், கயிறு பெயின்டை உரசுகிறதாம். அவருக்கு வண்டியின் மினுக்குதான் முக்கியம். ஏறுகிறவன் எக்கேடு கெட்டால் என்ன? நாங்களும் கயிறில்லாமலே ஏறினோம்.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு மாதா திருநாள், முகாமில் சுதந்திர தினக் கொடியேற்றம். இரவு தூறிய தண்ணீரை விடிந்ததும் துடைக்கச் சொன்னார். அருள்நாதன் ஏறினான். கூரையில் முதல் கால் வைத்தவன் மல்லாந்து, ஏணிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த வண்டியின் இழுவைக் கொக்கிமேல் விழுந்தான். தலை பிளந்துவிட்டது. திருநாளுக்கு எடுத்த புதுச் சட்டை போட்டிருந்தான்.

குடித்துவிட்டு ஏறினான் என்று ரிப்போர்ட் எழுதினார் முனிராஜ். பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்காகப் பட்டினி கிடந்தவன், ஐயா. பச்சைத் தண்ணீர்கூட அவன் வாயில் படவில்லை.

அடக்கம் முடிந்து, தம்பி மனைவி ராஜமேரி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஆறு வருசமா வழுக்காத காலு மாமா. அன்னிக்கு மட்டும் ஏன் வழுக்குச்சுங்க?"

"ஆபீசரப் போயிக் கேளும்மா."

போனாள். அவர் கதவைத் திறக்கவில்லை. வெயிலில் நின்றுவிட்டு அவள் திரும்பி வந்ததைப் பார்த்தேன்.

ஒரு வருஷம் பொறுத்தேன். மறுபடியும் ஆகஸ்ட் பதினைந்து வந்தது. கூரையை முறைப்படி முடித்துவிட்டு, ஏணித் தலைப்பு இரண்டு சாணுக்கும் பாலிஷை அள்ளி அப்பினேன். தேய்க்கவில்லை. கொடியேற்றுவதற்கு முன் அவரே ஏறி, விரலால் தடவிப் பார்ப்பது வழக்கம். கீழே நின்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன்.

"தம்பி குடிக்கலீங்க சார். அந்த ஒரு வரிய மாத்தி எழுதிடுங்க."

"செத்தவன் பேர்ல என்ன எழுதினா என்னய்யா? மேல காஞ்சுதா? ஏறலாமா?"

"காஞ்சிருச்சுங்க சார். ஏறுங்க."

ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் பிடிக்க வேண்டும், அதுதான் முறை. அதே கொக்கிமேல்தான் விழுந்தார். கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. நான் பாலிஷ் துணியை அலசிக் காயப்போட்டேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் வேறொன்றை மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். பழைய பிரேதப் பரிசோதனையில் தம்பியின் உள்ளங்காலிலும் பாலிஷ் ஒட்டியிருந்ததாமே, அது யார் வேலை என்று. தம்பி விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களூரில் மாதா தேர். கொடியேற்றுகிற மேட்டிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு சாண் மட்டும் மங்கலாகத் தெரிகிறதே என்று முனிராஜ் முணுமுணுத்திருந்தார். எனக்கு நேரமாகிவிட்டது. ஏணியில் நின்றபடியே அங்கேயும் பூசிவிட்டுத் தேருக்கு ஓடினேன். தம்பியிடம் சொல்ல மறந்துபோயிற்று.

என் கையால் அதைச் செய்ய வைத்தவர் அவர்தான், ஐயா. ராஜமேரிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.