மாமன் வரும் கார்

அருப்புக்கோட்டையில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டுப் பெரியவர் அருகிலிருந்தவரிடம் அலுப்போடு சொன்னார்: “கம்பெனி அந்த மாடலையே நிப்பாட்டிருச்சாம் மாப்ள. அது தெரிஞ்சதும் என் காரும் நின்னுருச்சு.”

பஸ் கிளம்புமுன்பே அவர் பேர் சொல்லிப் புலம்பிய அதே கார் என் வீட்டிலும் இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

“அம்புட்டு சொகுசு காரை எதுக்கு மாமா நிப்பாட்டுனான்?”

“வந்த புதுசுல மில்லு முதலாளிகதான் வச்சிருந்தாக. பெறகு அதே கம்பெனி சின்னதா ஒண்ணு, இன்னும் பெருசா ஒண்ணு விட்டான். நடுவுல உள்ளத எவனும் சீண்டல. இப்ப திருச்சுழி ஒர்க்‌ஷாப்புல நிக்குது, சாமான் எங்கயும் கெடைக்கல. நாளைக்குத் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. மாமன் சீரோட அந்தக் கார்லதான் வருவான்னு ஊரு பூராம் சொல்லி வச்சிருக்கா.”

“மேளத்துக்குப் பின்னால ஊர்ந்துதான வரணும்? நீங்க உள்ள உக்காருங்க, நாங்க தள்ளுறோம்.”

எங்கள் தெருவில் தள்ளத் தெம்புள்ளவர் யாரென்று என் மனம் அதுபாட்டுக்கு ஆள் தேடியது. ஒருவரும் தேறவில்லை.

பெரியவர் பெருமூச்சு விட்டார். “உள்ள ஒன் அத்தை சீர்த்தட்டோட உக்காரட்டும், நீ ஸ்டியரிங்கப் புடி. நானும் தள்ளுறேன். மண்டபத்துல வேர்த்து விறுவிறுத்து நின்னாலும், அண்ணன் மேளத்துக்கு ஆடிக்கிட்டே வந்திருக்கான்னு தங்கச்சி சந்தோசப்பட்டுக்கிருவா.”