தப்பு மாப்ள, அறுபது

காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் சொல்லிவிடுங்கள், சார். நான் தனியாள். என் நாக்குக்குப் போட்டுப் பழகிவிட்டது. பெங்களூரிலிருந்து மதுரை வந்து, அங்கிருந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறீர்கள். இந்த வெயிலுக்கு நீங்கள் புதுசு. திருச்சுழிப் பக்கம் சித்திரை மாதத்தில் காக்காய் பறக்காது. நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்துதான் போகும். ஒரு காக்காய் என் குடைக்குள் புகுந்து பரளச்சி விலக்கு வரைக்கும் கூடவே நடந்து வந்திருக்கிறது. பிரியும்போது திரும்பிப் பார்த்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்த முகத்துக்குப் பதில் சொல்வது சுலபம்.

நீங்கள் கொண்டுவந்திருக்கும் வீடியோக்களில், என் மாடியில் குடியிருக்கிற மாரிசெல்வத்துக்குப் பக்கத்தில் கேட்கிற குரல் என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள், அருஞ்சுனை சார். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் இருளப்பசாமி. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எண்ணைக் குறிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அருப்புக்கோட்டையில் நான் ஏறாத விசைத்தறிக் கொட்டகை கிடையாது, திருச்சுழிச் சுற்றுவட்டாரத்தில் என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது. போகிற வீட்டில் எல்லாம் ஒரு கதை சொல்வேன். பந்தல்குடி ரோட்டில் டிரைவர் விழித்திருக்க லாரி மட்டும் தூங்கிப்போன கதைக்குத் தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். தெற்குத் தெரு பெத்தம்மாள் என்னைப் பார்த்ததுமே ஆரம்பிப்பாள்.

"வந்துட்டாகய்யா. இவுக வாயத் தொறந்தா ஒரு வார்த்த உண்மை வராது. ஆனா மீட்டரப் பாத்து நம்பரு சொன்னா, பெத்த பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணலாம்."

இந்த வட்டாரத்தில் என் பேர் அதுதான். கதைக்கு இவனை நம்பாதே, எண்ணுக்கு நம்பு. மாரிசெல்வமும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

அவன் அப்பா கருத்தப்பாண்டி திருச்சுழிக்குத் தெற்கே மானாவாரி விவசாயி. முதலில் மாலைக்கண் மாதிரி வந்தது. பிறகு பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்க்கிற மாதிரி ஆகி, நாற்பது வயதுக்குள் முழுசாக இருட்டிவிட்டது. அவருடைய அண்ணனுக்கும் அப்படியே. குடும்ப வியாதி. கடைசியில் தன் காட்டில், தானே நின்று வெட்டிய கிணற்றில் கால் தவறி விழுந்து செத்தார். கயிறு கட்டி இறங்கித் தூக்கியவன் மாரிசெல்வம். மேலே ஏறி வந்ததும் என்னிடம் மட்டும் ஒன்று கேட்டான். "எனக்கும் வருமா மாமா?"

வராது என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

என் மனைவி போன பிறகு மாடியை அவனுக்கு வாடகைக்கு விட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, கேம் விளையாடுகிற மானிட்டர்களைச் சோதித்து வீடியோ போடுகிற வேலை செய்தான். ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொல்லிக்கொடுத்தான். படம் நொடிக்கு அறுபது தரம் மாறினால் அறுபது ஹெர்ட்ஸ். இருநூற்று நாற்பது தரம் மாறினால் இருநூற்று நாற்பது. ஓடுகிற எதிரியை அறுபதில் பார்த்தால் கொஞ்சம் விட்டு விட்டு ஓடுவான், இருநூற்று நாற்பதில் எண்ணெயில் வழுக்கிப் போவான். என் கண்ணுக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் செத்தார்கள். அவனுக்குத் தெரியும். மவுஸை லேசாக ஒரு இழு இழுத்தால் போதும், நாக்கில் உப்புப் பார்க்கிற மாதிரி எண்ணைச் சொல்லிவிடுவான்.

அதைச் சோதிக்க அவனுக்கு ஒரு முறை இருந்தது. அவன் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்வான். நான் திரையில் மெனுவைத் திறந்து எண்ணை மாற்றி, மூடி வைப்பேன். பக்கத்தில் அவன் செல்போன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும். திரும்பி, விளையாடிப் பார்த்து, எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடியும் முதுகைக் காட்டிக்கொள்வான். அதற்குப் பிறகுதான் நான் சரி, தப்பு சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே அடுத்த எண்ணை வைத்துவிடுவேன். பார்க்கிறவனுக்கு வைத்த எண் தெரியக் கூடாது, வைக்கிறவன் நாணயமானவனாக இருக்க வேண்டும். இந்த ஊரில் எண்ணுக்கு என்னைவிட நாணயமானவன் யார்?

உங்கள் கம்பெனி மானிட்டர் வந்தது போன வருஷம் தையில். கட்டில் அகலத்துக்கு அட்டைப்பெட்டி. ஃபோர்கே துல்லியம், இருநூற்று நாற்பது வேகம். அதை நன்றாக மதிப்பிட்டு அனுப்பினால் பெங்களூர் சோதனைக்கூடத்தில் வேலை என்று நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். பந்தல்குடியில் சுகப்பிரியா என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். வேலை கிடைத்ததும் கல்யாணம், கல்யாணம் முடிந்ததும் இருவரும் பெங்களூர். அவன் தரையில் நடக்கவில்லை. படியிறங்கி வருவான், போனைக் காதில் வைத்தபடியே என்னைத் தாண்டிப் போவான். நான் ஒரு கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். மீதிக் கதை என் வாயிலேயே கிடந்து ஊசிப்போகும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வயசுப் பிள்ளை.

முதல் தடவை விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஒரு மதியம். வைத்தது இருநூற்று நாற்பது.

"இருநூத்தி நாப்பது, மாமா. இது கூடத் தெரியாதா?" என்று சொல்லித் திரும்பிக்கொண்டான்.

"தப்பு மாப்ள. அறுபது."

"சும்மா வெளாடாதீக."

"கதையில வெளாடுவேன். நம்பர்ல என்னைக்காவது வெளாடிருக்கனா?"

முதுகைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முதுகு மெதுவாகக் கூன் விழுந்தது. டீ குடித்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் டீ குடிக்கும்போது சுகப்பிரியா கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து, "அப்பாவுக்கு மொதல்ல எது தெரியாமப் போச்சு மாமா?" என்று கேட்டான். சொன்னேன். தறிச் சத்தம் அடங்கி, தெருவிளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் எழுந்து போகாமல் கேட்டான். அத்தனை கவனமாக என் பேச்சை யாரும் கேட்டு நாளாகியிருந்தது, சார்.

அன்றைக்குச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

பிறகு அதை ஒழுங்காகச் செய்தேன். எல்லாவற்றையும் தப்பு என்றால் சந்தேகம் வரும். ஆரம்பத்தில் எப்போதாவது ஒன்றைத் தப்பாக்கினேன். போகப் போகக் கூட்டினேன். வியாதி எப்படி வளருமோ அப்படி. வெயிலில் இருந்து வந்த நாளில் கொஞ்சம் அதிகம், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கொஞ்சம் குறைவு. சில நாள் எல்லாவற்றையும் சரி என்றேன். அந்த நாட்களில் அவன் குழந்தை மாதிரி குதிப்பான். எனக்கும் கண் கலங்கும். சந்தோஷப்படுத்துவதும் என் கையில்தான் இருந்தது.

மதுரைக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தான். கையில் மிக்சர் பொட்டலத்தோடு வந்தான்.

"கண்ணு நல்லாருக்காம் மாமா. ஒண்ணுமே இல்லையாம். டாக்டரம்மா சத்தியம் பண்ணாத குறை."

"சந்தோசம்ப்பா" என்றேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "ஒங்கப்பாவுக்கும் மொதல்ல இதத்தான் சொன்னாக" என்றேன்.

அது உண்மையில்லை. கருத்தப்பாண்டியை மதுரைக்குக் கூட்டிப்போனவன் நான்தான். பார்த்த அன்றைக்கே வியாதியின் பெயர் முதற்கொண்டு சொல்லிவிட்டார்கள். ஆனால் கூட வேறு யாரும் வரவில்லை. இவன் அம்மா தங்கத்தாய், ஆடு ஈனப்போகிறதென்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஆகவே அந்த நாளில் என்ன நடந்தது என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். மாரிசெல்வம் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மிக்சர் முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் அவனே பந்தல்குடிக்குப் போய்க் கல்யாணத்தை நிறுத்திவிட்டு வந்தான். அந்தப் பெண் எனக்குப் போன் போட்டது.

"மாமா, அவுக கண்ணு நெசமாவே போகுதா? அவுக கண்ணு போனாலும் எனக்குப் பரவாயில்ல, நான் பாத்துக்கிடுவேன். பிள்ளைக்கும் வரும்னு சொல்லி அழுகுறாக. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிருக்காக தாயி" என்றேன். சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். ஆவணியில் அவளுக்குச் சிவகாசிப் பக்கம் வேறிடத்தில் கல்யாணம் ஆனது. போய் வாழ்த்திவிட்டு வந்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மானிட்டரை உங்களுக்குத் திருப்பி அனுப்பினான். என் கண்ணை நம்பி எதையும் மதிப்பிடாதீர்கள் என்று எழுதி, சோதனை செய்யும்போது செல்போனில் எடுத்த வீடியோக்களையும் ஆதாரமாக வைத்தான். தன் தோல்வியைத் தானே பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. ஒன்றைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். திரையில் வைத்திருந்த எண் என்ன, அவன் சொன்ன எண் என்ன என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்திருக்கிறீர்கள். அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்கிறீர்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் கூடத்தில் மெஷின் வைத்து அளக்கிறதை என் மாடியில் ஒருத்தன் வெறுங்கண்ணால் அளந்திருக்கிறான்.

இப்போது அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டீர்கள். மற்ற மானிட்டர்களை எல்லாம் கொடுத்துவிட்டான். வண்டி ஓட்டுவதில்லை. முழுசாக இருட்டுவதற்கு முன்னால் பழகிக்கொள்ள வேண்டுமாம். காலையில் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடியில் நடக்கிறான். முழங்கால் எல்லாம் சிராய்ப்பு. கையைப் பிடித்துப் படியிறக்கி, வாசலில் உட்கார வைத்து, தெருவில் நடப்பதை நான்தான் சொல்கிறேன். ஒன்றை ஒன்பதாகத்தான் சொல்வேன். நூல் மூட்டை ஏற்றிய மினிலாரி போனால், மலையே சக்கரம் கட்டிப் போகிறது என்பேன். முன்பெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை. துண்டை அவிழ்த்துப் பார்ப்பதும் இல்லை. ஆனால் கடைசி வரைக்கும் கேட்கிறான்.

போலீசுக்குப் போவதானால் போங்கள். நான் யாரையும் தொட்டதில்லை, எதையும் எடுத்ததில்லை. தப்பு, அறுபது என்ற இரண்டு வார்த்தைக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள் என்று எனக்கே பார்க்க ஆசைதான்.

வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்கிறீர்கள். தாராளமாக மாடிக்குப் போய்ச் சொல்லுங்கள். துண்டை அவிழ்க்கச் சொல்லி வீடியோவை ஓட்டிக் காட்டுங்கள். உட்கார்ந்து பார்ப்பான், மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனால் நீங்கள் காட்டுகிற ஆதாரத்தையும் அவன் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். டாக்டர் சொன்னதையே நம்பாதவன், மானிட்டர் விற்கிற கம்பெனிக்காரர் சொல்வதை நம்பிவிடுவானா? இரக்கத்தில் என்னென்னமோ சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வான். பிறகு சுவரைத் தடவித் தடவி என்னிடம் இறங்கி வந்து, "நெசமா மாமா?" என்பான்.

அப்போது என்ன சொல்வதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பெங்களூரில் அவன் கையைப் பிடித்துப் படியிறக்க யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். எதைச் சொன்னாலும் அவன் நன்மைக்காகத்தான் சொல்வேன், சார். அவனைப் பெற்றவர் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.