எண்பத்திரெண்டு டிகிரி

ஹலோ… ஆ, சொல்லுங்க சகல, நந்தகுமார்தான்… ஆயுத பூஜை முடிஞ்சுதா?… இங்க ஹப்சிகுடா வீட்டுல காலையிலயே முடிஞ்சுது. சுண்டலைத் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கேன்… நான் வரலேன்னு கோவிச்சுக்காதீங்க, அதான் லலிதாவை ஆட்டோ ஏத்தி அனுப்பியாச்சே. அக்காவும் தங்கச்சியும் ஒண்ணா சேந்துட்டா உங்க மல்லாபூர் ஃபேக்டரிக்கு நான் வேற எதுக்கு?

…சத்தமே இல்லையா? அப்பாடா. முதலாளி என்ன சொன்னாரு?… ஹவ் ஹவ், ஆமா, தலைவலிதான். நான் அங்க வேலை பார்த்தப்ப எழுதி வச்ச பீப்பு அது. வினாடிக்கு ஒண்ணு கத்தணும், டேங்க்ல சூடு ஏறினா வேகமாக் கத்தணும். ரெசின் காய்ச்சறவன் கம்ப்யூட்டருக்கு மாட்டின டிவியைப் பாக்காட்டியும் காதுல விழட்டும்னு… நிஜமா சகல, அந்த ரப்பர் பொத்தான் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுறதே அதிசயம். பன்னெண்டு வருஷம்! நான் இப்ப ஒய்டூகேவுக்குப் பாக்கற மெஷினெல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவ படுத்துக்குது.

…மந்திரமெல்லாம் இல்ல. போக்னு ஒரு வரி. மெமரியில இந்த எடத்துல இந்த நம்பரை வைன்னு நேராத் திணிக்கறது. புத்தகத்துல இருக்காது, நாங்களாக் கண்டுபிடிச்சு நோட்டுல எழுதி வச்சுப்போம்… ஆமா ஆமா, சத்தத்தை நிறுத்தக் காலையில போன்ல சொன்னேனே, அதான்.

…டிகிரி எவ்வளவு காட்டுது?… எண்பத்திரெண்டு. நல்லது.

…காலையிலயும் எண்பத்திரெண்டுன்னுதானே சொன்னீங்க?… இருங்க. நடுவுல ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி… மாறவே இல்லையா?… அதிர்ஷ்டமா? அடுப்பு எரியற டேங்க் மூணு மணி நேரமா ஒரே டிகிரியில நிக்குமா சகல?

டிவியில மேல மூலையில டைம் ஓடும் பாருங்க. அதைப் படிங்க… பத்து பதினாலு.

…இப்ப மணி ஒண்ணு.

லைன்லயே இருங்க. வைக்காதீங்க…

…ஆங், இருக்கேன். நோட்டை எடுக்கப் போனேன். சரஸ்வதி படத்து முன்னாடி அடுக்குல அடியில இருந்துச்சு… இல்ல சகல, காலையில பாத்துச் சொல்லல. இன்னைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாதுன்னு மனசுல இருந்ததைச் சொன்னேன்… இருங்க, இந்தப் பக்கம்தான். கடைசியில ஏழு போட்டா சத்தம் மட்டும் நிக்கும். நாலு போட்டா… கடிகாரமே நிக்கும்.

நான் நாலு சொன்னேனா?… நாலுதானா? எழுதி வச்ச சீட்டைப் பாருங்க… சரி. நாலு.

கேளுங்க. கடிகாரம் ஒவ்வொரு தடவ துடிக்கறப்பதான் கம்ப்யூட்டர் டேங்க் சூட்டை எட்டிப் பாக்கும். துடிப்பு நின்னா பாக்கவே பாக்காது. நீங்க பாக்கறது பத்தேகால் மணி எண்பத்திரெண்டு… ஆமா. இப்ப எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது.

அடுப்பை அணைங்க மொதல்ல… பேட்ச் கட்டி தட்டினா தட்டட்டும்! நான் பேசிக்கறேன் முதலாளிகிட்ட… அணைச்சாச்சா? அது போதாது, உள்ள இருக்கறது தானாச் சூடு ஏறும். டேங்க்ல கண்ணாடித் தெர்மாமீட்டர் சொருகியிருக்குமே, அதைப் பாருங்க… எங்க?

…பூஜையிலயா.

ஸ்பேனரோட சேத்து வரிசையா… பொட்டெல்லாம் வச்சு. சரி. டேங்கைக் குளிர வைக்கத் தண்ணி திறக்கற வால்வு கைப்பிடி?… அதுவுமா?

…நாளைக்குக் காலையில வரைக்கும் தொடக் கூடாதுன்னு யாரு சொன்னது, முதலாளி அம்மாவா? நானும் அப்படித்தான் நோட்டைத் தொடாம உக்காந்திருந்தேன் சகல. எடுங்க! சாமி ஒண்ணும் சொல்லாது… அட, அவங்ககிட்ட எதுக்கு உத்தரவு? நக்கோ, வேணாம்! இர்பான் இருக்காரா? அவரை எடுக்கச் சொல்லுங்க, யோசிக்க மாட்டாரு… ஆமா, ரெண்டையும்.

…ஜனங்கல்லாம் எங்க? பின்னாடி ஒரே பேச்சுச் சத்தமா கேக்குதே… பந்தியா? எங்க?… வெளிய வெயிலுன்னு டேங்க் பக்கத்துலயேவா போட்டீங்க!… நாப்பது பேரு. லலிதாவும் அங்கதானே.

…சொருகிட்டாரா? எவ்வளவு?… நூத்தி இருபத்தாறு. நின்னுடுச்சா, ஏறுதா?… சகல, நூத்தி முப்பதைத் தாண்டினா அந்த மூடி தாங்காது. நான் இருந்தப்பவே தாங்காது. கைப்பிடியை மாட்டித் தண்ணியைத் தொறங்க… போனை அப்படியே போட்டுட்டு ஓடுங்க!

…

ஹலோ… சகல?… இர்பான் பாய்?… யாராவது எடுங்களேன்…

ஹலோ! யாரு… லலிதா? நீ எப்படி… சாப்பாடு கிடக்கட்டும், கேளு. எல்லாரையும் எழுப்பு. எலையை அப்படியே விட்டுட்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போங்க… விளையாடலடி… மாமா ஓடறாருன்னா நான்தான் ஓடச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன் லலிதா, காலையில ஒரு நம்பரைத் தப்பாச் சொல்லிட்டேன்… உங்க அக்கா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போ. சிரிக்காதே. எனக்கு பயமா இருக்கு, அதான் கத்தறேன்.

…தண்ணி வரலையா? யாரு சொன்னா, இர்பானா?… வால்வு சுத்துது, தண்ணி வரல… சரி. நீ போ.

…அது என்ன, விசில் மாதிரி?… குக்கர் இல்லடி அது! போ!

…என்னத்தைப் பாத்தே?… டிவியையா?… பொட்டு வச்ச டிவியில எண்பத்திரெண்டுதான் இருக்குன்னு சொல்லி எல்லாரையும் உக்கார வைக்கிறாங்களா? முதலாளி அம்மாவா?… ஐயோ, அதைப் பாக்காதீங்க! அது எவ்வளவு ஆனாலும் எண்பத்திரெண்டுதான் காட்டும், அதை நான்தான்…

லலிதா?

ஹலோ?… ஹலோ…