நகுதாவின் முதுகு

— முடியாதுன்னா முடியாதுதான் மாரி. ஆட்டத்துல கப்பல ஓட்டுற நகுதாவுக்குத் தெரிஞ்சே ஒன் திருடன் கத்தியால குத்துனா அது எப்படி ஸ்னீக் அட்டாக் ஆகும்? ஒத்த டைஸ்தான். உருட்டு.

— ஒத்த டைஸ உருட்டி என்ன செய்ய, நஸீஹாக்கா? ஆறு விழுந்தாலும் ஆறுதான். நகுதா முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்குற அட்டை சாகணும்னா ஒரே குத்துல பதினஞ்சு வேணும்னு நீங்கதான சொன்னீங்க. அஞ்சு டைஸ் குடுங்க.

— லாத்தா, மாரி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நகுதா என் ஆளு. குத்து வாங்கப்போற நானே சம்மதம்னு சொல்லிட்டேன். சட்டையக் கழட்டிப் போட்டுட்டு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறான் மனுசன்.

— எந்தம்பின்னு பாக்க மாட்டேன், நீ பேசாத தவ்ஃபீக். நீ சம்மதம்னு சொன்னதுதான் வில்லங்கமே. ரூல் நோட்டுல என்ன எழுதியிருக்கு? 'குத்து வாங்குறவன் அறியாத நேரத்துல திருடன் குத்துனா அஞ்சு டைஸ்.' அறியாத நேரத்துல! கண்ண நல்லாத் தொடச்சுட்டுப் பாருங்க ரெண்டு பேரும்.

— அந்த நோட்ட எழுதுனது யாரு? வக்கீலுக்குப் படிக்கிற நீங்க! எதிரிய நெனச்சு எழுதுனீங்க, கூட்டாளிய நெனச்சு எழுதல.

— கூட்டாளிய எவன்டா குத்துவான்?

— அதான் இப்பக் குத்தணுமேக்கா! அட்டை கழுத்து வழியா உள்ள போயிட்டா நகுதா நகுதாவா இருக்க மாட்டான். கப்பலக் கொண்டுபோய்ப் பாறையில ஏத்திருவான். எட்டு வாரமா வெளையாடுன ஆட்டம் அத்தோட முடிஞ்சுச்சு.

— முடிஞ்சா முடியட்டும். போன செவ்வாக்கெழமையே முடிஞ்சிருக்க வேண்டியது. இவன் சவூதியில தம்மாமுக்கு ஃப்ளைட் ஏறியிருந்தா யாருகூட வெளையாடியிருப்ப? எவனோ எங்க உம்மாகிட்ட வந்து வத்தி வச்சதாலதான இங்கன உக்காந்து உருட்டிக்கிட்டு இருக்கோம்.

— அந்தப் பேச்ச விடுங்க லாத்தா. எவன் சொன்னானோ அவன் மூஞ்சியில சாகுற வரைக்கும் முழிக்க மாட்டேன். அன்னைக்கே சொல்லிட்டேன்ல.

— அக்கா, நகுதாவுக்கு வாங்க. நகுதாவுக்கு. நேரம் ஆகுதுல்ல?

— ஒனக்கு என்னப்பா அவசரம்? சரி சொல்லு, ஒன் கட்சி என்ன?

— எதிரின்னா துள்ளுவான், வெலகுவான். இவன் அசையாம நிப்பான். அசையாம நிக்கிறவன எங்கன வேணும்னாலும் பாத்துக் குத்தலாம்ல? சத்தியமா, அஞ்சு டைஸ் என்ன, பத்துக்கூடக் குடுக்கலாம்.

— ஊசி போடப் போனா நீ அசையாமத்தான் நிக்கிற. நர்சு ஊசியக் கையில எடுத்ததும் ஒடம்பு தானா வெறைச்சுக்கிருதா இல்லையா? வருதுன்னு தெரிஞ்ச ஒடம்பு இறுகிரும். தெரியாத ஒடம்புலதான் கத்தி முழுசா எறங்கும்.

— அப்பத் தெரியாமச் செய்யிறேன். எங்கக்கா மகளுக்கு என் மடியில வச்சுத்தான் காது குத்துனாங்க. ஆசாரி என்ன செஞ்சாரு? "அந்தா பாரு மயிலு"ன்னாரு. புள்ள அண்ணாந்து பாத்துச்சு, சோலி முடிஞ்சுச்சு.

— மாப்ள, அது கைப்புள்ள. அதுகிட்ட எவன் சம்மதம் கேட்டான்?

— சரி, ஒன் கதைக்கே வாரேன். கெளுத்தி மீன் முள்ளு ஒன் கால்ல ஏறிச்சுல்ல? கடலுக்குப் போற பாக்கர் காக்காகிட்ட நீதான எடுக்கச் சொன்ன. அவரு என்ன செஞ்சாரு? "ஏலே, ஒன் செருப்பு அலையில போகுது"ன்னாரு. நீ திரும்பிப் பாத்த நேரத்துல இழுத்துட்டாரு. சம்மதமும் இருந்துச்சு, எப்பன்னும் தெரியல.

— ஆமா லாத்தா, அது வாஸ்தவம். எடுக்கப் போறாருன்னு தெரியும், எப்பன்னு தெரியாது. இதுக்கு என்ன சொல்றீங்க?

— ம்ம். இது பாயிண்டுதான். சரி, தீர்ப்பு சொல்றேன் கேட்டுக்கங்க. மாரி, நகுதா எந்த வேலையில இருக்கும்போது குத்துவன்னு ஒரு சீட்டுல எழுதி எங்கிட்டக் குடு. அந்த நேரம் வர்ற வரைக்கும் சாதாரணமாப் பேசிக்கிட்டே இருக்கணும். தவ்ஃபீக் ஒன் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சுட்டா ஒத்த டைஸ். கண்டுபிடிக்கலன்னா அஞ்சு.

— வெளங்கிரும்! லாத்தா, இவன் மனசுல ஒண்ண வச்சிருந்தா மூஞ்சியிலேயே எழுதி ஒட்டிரும். போன மாசம் ஆட்டத்துல கோட்டைக்குள்ள ஒளிஞ்சு போனோமே, காவக்காரன் "யாருப்பா அது"ன்னு கேட்டதுக்கு "நாங்க திருட வரல"ன்னு சொன்னது இவன்தான்.

— அது வாய் தவறி வந்துருச்சுலே.

— ஒன் வாய் எப்பத்தான் தவறல? ஒங்கிட்ட ஒண்ணச் சொல்றதும் உச்சிப்புளி பஸ் ஸ்டாண்டுல மைக்செட்டு கட்டிச் சொல்றதும் ஒண்ணுதான் மாரி. என் பொறந்தநாளைக்கு ரெண்டு பேரும் வாங்குன கேக்கு என்ன கலருன்னு மொத நாளே எனக்குத் தெரியும்.

— இந்தாங்கக்கா சீட்டு. எழுதிட்டேன்.

— என்னப்பா எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுக் கெடக்கு?

— எங்கன கோணுது? அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— மாப்ள, ஒண்ணு கேக்குறேன். நகுதா கேக்குறான்னு வச்சுக்க. நல்லதுக்குன்னா கூட்டாளிய முதுகுல குத்தலாமா?

— வெளையாட்டுதானலே இது.

— வெளையாட்டுதான். பதிலச் சொல்லு.

— அக்கா, எனக்கு ஆட்டம் வேண்டாம். நான் போறேன்.

— உக்காருடா. டீ கூட இன்னும் ஆறல. என்ன ஆச்சு ஒனக்கு?

— எட்டு நாளா எனக்குச் சோறு எறங்கலக்கா. தவ்ஃபீக்கு... ஒங்க உம்மாகிட்ட வந்து சொன்னது நான்தான்லே.

— யா அல்லாஹ்! நீயா?

— நான்தான்க்கா. இவனுக்கு உசரம்னா பயம். எங்க ஊருத் தண்ணித் தொட்டியில நாலு படி ஏறுனா அஞ்சாவது படியில கால் நடுங்கும். இவன் மாமா அனுப்புன விசாவோ நாப்பது மாடிக்கு மேல சாரம் கட்டுற வேலைக்கு. "யாருகிட்டயும் சொல்லிராத மாப்ள"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். ரெண்டு நாளுதான் வச்சிருந்தேன். கண்ண மூடுனா இவன் மேல இருந்து விழுகுறதுதான் தெரியுது. இவன் வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து வந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

— நீ கொட்டிட்டுப் போயிட்ட. உம்மா அன்னைக்கே மாமாவுக்குப் போனப் போட்டு "எம்புள்ளய அனுப்ப மாட்டேன்"னு சொல்லிட்டாங்க. மாமா இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டோட பேசல. வாப்பா மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்காங்க. இவன் வாசல்ல நின்னு கத்துன கத்துல தெருவே கூடிருச்சு.

— கத்துனப்ப நானும் அங்கனதான் நின்னேன்க்கா. "எவன்டா சொன்னது"ன்னு இவன் கேட்டப்பவே நான்தான்னு சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். எட்டு வயசுல இருந்து இவன்கூடத்தான் சுத்துறேன். இவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எனக்கு வேற யாரு இருக்கா? ஆனா ஒண்ணுக்கா. பெட்டியில வந்து எறங்குறதுக்கு, எங்கூடப் பேசாம உசுரோட இருந்துட்டுப் போகட்டும். அதுக்குத்தான் சொன்னேன். சத்தியமா அதுக்குத்தான்.

— தவ்ஃபீக், டேய். அவன் அழுகுறான் பாரு.

— லாத்தா, அந்த ரூல இன்னொரு தடவ வாசிங்க.

— இப்ப எதுக்குடா ரூலு?

— வாசிங்களேன்.

— 'குத்து வாங்குறவன் அறியாத நேரத்துல...'

— போதும். நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. தெரிஞ்சே முதுகக் காட்டிக்கிட்டு நின்னா அது ஸ்னீக் அட்டாக் இல்ல. அஞ்சு டைஸ் கெடையாது.

— ஏலே, நகுதா போயிருவானேலே!

— நகுதா கெடக்கான், விடு. நான் என்னயச் சொல்றேன். எனக்குப் பயமா இருக்குன்னு மாமாகிட்டச் சொல்ல வாய் வரல. வாப்பாகிட்டயும் வரல. இருவத்துமூணு வயசு ஆம்பள, உசரத்தப் பாத்தாப் பயம்னு எப்படிச் சொல்லுவேன்?

— அப்ப வாசல்ல நின்னு அந்தக் கத்துக் கத்துனது?

— கத்தாம சிரிச்சுக்கிட்டு நின்னா வாப்பா என்ன நெனப்பாங்க லாத்தா? ஆனா இவன் எட்டு நாளு வாய மூடிக்கிட்டு இருப்பான்னு சத்தியமா நான் நெனைக்கல. மறுநாளே ஓடி வந்து ஒத்துக்குவான்னு பாத்தேன்.

— என்னலே சொல்ற? எனக்கு ஒண்ணுமே வெளங்கல.

— புதுமடத்துலயும் உச்சிப்புளியிலயும் எனக்கு எத்தன கூட்டாளிக இருக்காங்க. வாயில எதுவும் நிக்காத ஒங்கிட்ட மட்டும் அத நான் எதுக்குலே சொன்னேன்?