மூன்றாவது பள்ளிவாசலின் காபி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

என் சிநேகிதன் அனாங்கின் அக்கா வீட்டுக்காரன் மஸ்ரானிக்கு நடந்தது இது. அன்றைக்குப் படகை ஓட்டியவன் அனாங்தான். அதனால் நம்பலாம்... நம்பாமலும் இருக்கலாம்.

அந்தி சாயும் மக்ரிப் வேளை. பஞ்சார்மாசின் நகரில் மார்த்தபுரா ஆறு. சதுப்புக் காடு எரிகிற மாதம் என்பதால் தண்ணீரின் மேல் புகை படுத்துக் கிடந்தது. எதிரே ஒரு படகு இல்லை. பின்னாலும் இல்லை.

காலையிலிருந்தே மஸ்ரானிக்கு எதுவும் கைகூடவில்லை. மனைவி ஹலிதாவுக்கு வலி எடுத்துவிட்டது. போன முறை பிள்ளை அழாமலே பிறந்து, அழாமலே மண்ணுக்குள் போனது. இந்த முறை மூன்று பழைய பள்ளிவாசல்களின் தண்ணீரை அவள் வாயில் ஊற்றியே ஆகவேண்டும் என்று ஹலிதாவின் அம்மா, அவன் மாமி, ஒற்றைக் காலில் நின்றாள். முதல் பள்ளிவாசலில் தண்ணீர்ச் சாடி இருந்த அறையைப் பூட்டிவிட்டு, பாங்கு சொல்லும் மோதினார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடிக்கவே மதியமாகிவிட்டது. இரண்டாவதில் வெளியூர்க்காரர்கள் பஸ் நிறைய வந்திறங்கி, சாடியை மறைத்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஒரே நிமிஷம் தம்பி” என்று சொல்லிச் சொல்லியே பொழுதைக் கொன்றார்கள். அவனுக்கு மண்டை காய்ந்தது.

மூன்றாவது, ஆற்றின் வளைவில். ஆள் அதிகம் போகாத இடம். மூன்றடுக்குக் கூரை, கறுத்த மரத்தூண்கள், ஒற்றைப் பச்சை விளக்கு. பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு திரும்பினால்... படித்துறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி. கைலியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... முன்னால் ஒரு தட்டில் காபியும் மஞ்சள் போட்ட பசையரிசிச் சோறும்.

“வாங்க தம்பி. ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க.”

அந்த ஊரில் காபியோ சோறோ நீட்டினால், நேரமில்லாதவன்கூட விரல் நுனியால் தொட்டு உதட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவான். தொடாமல் போனவனை வழியில் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. அனாங் தொட்டுக்கொண்டான்.

“மச்சான், சும்மா தொட்டுட்டாவது வாங்க.”

“அங்கே உங்க அக்கா உயிருக்கு மல்லாடுறா. உனக்கு இப்பத்தான் விருந்து கேக்குதா? இஞ்சினை எடுடா!”

டொக்... டொக்... டொக்... புகையில் கண் எரிந்தது. வெகு நேரம் போனார்கள். திடீரென்று புகை நாற்றத்தை மீறிக்கொண்டு ஒரு வாசனை. காபி.

பச்சை விளக்கு. மூன்றடுக்குக் கூரை. அதே படித்துறை. கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“எந்த லட்சணத்துலடா படகு ஓட்டுற? சுத்திக் கொண்டாந்து அங்கேயே விட்டிருக்க!”

“சத்தியமா நேராத்தான் வந்தேன் மச்சான்...” அனாங்கின் குரல் இறங்கிவிட்டது. “ஒரு விரல். ஒரே ஒரு விரல் வச்சுட்டு வந்துடுங்களேன்.”

மஸ்ரானிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வீம்பு வந்ததோ. “மிரட்டிக் காபி குடிக்க வைக்கிறாங்களாம்! திருப்புடா!” என்று கத்தினான். படித்துறையில் இருந்தவரின் கைலியிலிருந்து சொட்... சொட்... அது மட்டும் கேட்டது.

மறுபடி புகை. டொக்... டொக்... மறுபடி காபி வாசனை. மறுபடி பச்சை விளக்கு.

இந்த முறை இஞ்சின் தானாக நின்றது.

மஸ்ரானி பலகையில் ஓங்கிக் குத்தினான். காலையிலிருந்து அடக்கிவைத்த ஆத்திரம் அழுகையாக உடைந்தது. படகிலிருந்து குதித்துப் படியேறி ஓடினான்.

“தொடுறேன்யா! இந்தா, தொட்டுத் தொலைக்கிறேன். எங்களை விட்டுடு!”

கையை நீட்டினான். அவர் தட்டை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சோற்றின் நடுவே ஒரு சின்னப் பள்ளம். யாரோ விரல் வைத்த தடம். மிகச் சின்ன விரல்.

“வேணாம் தம்பி. உங்க வீட்லேருந்து வந்து தொட்டாச்சு. நீங்க போங்க.”

படகுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. வளைவைத் தாண்டியதுமே அவர்கள் வீட்டுப் படித்துறை. முக்கால் மணி நேர வழி அது என்று அனாங் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. மாமி வாசலுக்கு ஓடிவந்தாள்.

“பொம்பளப் புள்ள! இப்பத்தான் பொறந்தா. ஹலிதா நல்லாருக்கா. உன் தண்ணி வர்ற வரைக்கும் அவ காத்திருக்கல!”

“மாமி... இங்கே யாராவது வந்தாங்களா? காபி, சோறு ஏதாவது...”

“காலையிலேருந்து வெந்நீரைத் தவிர அடுப்புல ஒண்ணும் ஏத்தல. யாருப்பா வர்றா இந்தப் புகையில?”

மருத்துவச்சி குழந்தையைக் கையில் கொடுத்துச் சிரித்தாள். “அப்பன் வீம்பு அப்படியே இருக்கு. வலது கையைத் திறக்கவே மாட்டேங்குறா, பாருங்க.”

மஸ்ரானி விளக்கடியில் உட்கார்ந்து அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். காபி வாசனை வந்தது.

உள்ளங்கையில் பசையரிசி. ஒரே ஒரு பருக்கை. மஞ்சள் நிறம்...

இன்னும் சுட்டது.