சூசையப்பர் போட்ட முடிச்சு

— இழுக்காதடா! இழுக்காத! கையோட வந்துடப் போவுது!

— கை மட்டும் வந்தா பரவால்ல சத்யா, கூடவே பீடமும் வருதுப்பா. இன்னாடா இது, மாவுக்கட்டும் மரமும் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குது?

— அதுக்குத்தான் போன் போட்டு உன்னைக் கூப்பிட்டேன் வரதா. கத்தி எடுத்துக்கினு ஓடியான்னேன். நீ இன்னாடான்னா நூல் வெட்டுற கத்திரியோட வந்து நிக்கிற.

— பட்டு நெய்யறவன் வூட்ல அருவாளா இருக்கும்? முந்தானை பாதியில நிக்குது தெரியுமா? மயிலு. ஒத்தக் கண்ணோட விட்டுட்டு வந்திருக்கேன்.

— மயிலு காத்துக்கினு இருக்கும். ஜோதிகா இருக்க மாட்டா. கோயிலைப் பெருக்கப் போயிருக்கா, நாலு மணிக்கு வந்துடுவா. அதுக்குள்ள நான் இந்த ஷெட்டை விட்டு வெளிய போயாவணும்.

— மணி மூணே முக்கால்.

— தெரியும்பா!

— இல்ல, சொன்னேன். பொண்டாட்டிதானே, அப்படி இன்னா பயம்?

— எழுதிக் கொடுத்திருக்கேன்டா. 'மாவுக்கட்டு பிரிக்கிற வரைக்கும் ஷெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். வெச்சா உளி, ரம்பம், இழைப்புளி அத்தனையும் என் கையை விட்டுப் போகட்டும்.' இடது கையால கையெழுத்து. பைபிளுக்குள்ள பத்திரமா வெச்சிருக்கா. பதினோரு வருஷமா ஒண்ணொண்ணா சேர்த்த சாமான்டா!

— பதினோரு வருஷத்துல நீ செஞ்சு முடிச்சது ஒரே ஒரு முக்காலி. அதுல ஏறி பல்பு மாட்டப் போயிதான் இந்தக் கதி.

— நான் பைக்ல விழுந்தேன்.

— ஊருக்குத்தான் பைக்கு. சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கினவன் நான்.

— சரி விடு. ஆறு வாரத்துல அஞ்சு வாரம் தாண்டிட்டேன். இன்னும் நாலு நாள்தான். இந்த நேரத்துல மாட்டிக்கினேன் பாரு.

— மணிக்கட்டுக்கு ஆறு வாரமா? எங்க மச்சான் ராமராஜன் முன்னாடியே பிரிச்சிட்டானே.

— அது அவன் எலும்பு. எனக்கு டாக்டர் கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தாரு பாரு, அங்கயே மயங்கிட்டேன். கண்ணு முழிச்சா மாவுக்கட்டு காய்ஞ்சிக்கினு இருக்குது. விவரமெல்லாம் ஜோதிகாதான் கேட்டுக்கினு வந்தா.

— சரி, பசையில எதுக்குடா கையை வெச்ச?

— அங்கதான் விஷயமே. நான் பசையைத் தொடவேயில்ல.

— பின்ன, பசை தானா நடந்து வந்துச்சா?

— டப்பா மூடியைத் திறக்கவே ரெண்டு கை வேணும்பா. வரதா... சிரிக்கக் கூடாது. வெளிய சொல்லவும் கூடாது.

— சொல்லு.

— சூசையப்பர்.

— எந்த சூசையப்பர்? வாலாஜாபாத் ரைஸ் மில்லுல வேலை பார்த்தாரே, அவரா?

— டேய்! யேசுவை வளர்த்தவரு. தச்சு வேலை செஞ்ச புனிதர். இந்தப் பீடமே அவரு சொரூபத்தை நிறுத்தத்தான். ஞாயித்துக்கிழமை சாமியார் வந்து மந்திரிக்கிறாரு. பாதி வேலையில கை உடைஞ்சிச்சா, ராத்திரியெல்லாம் அழுது வேண்டிக்கினேன். ரெண்டாவது வாரம் ஜன்னல் வழியா எட்டிப் பார்க்குறேன், கோணலா நின்ன கால் நேரா நிக்குது!

— ஈரத்துக்கு மரம் திரும்பியிருக்கும்.

— மரம் திரும்பும். தன்னைத்தானே இழைச்சிக்குமா? நான் ஆபீஸ் போய்ட்டு வர்றதுக்குள்ள தினம் கொஞ்சம் ஏறுது. ஒரு நாள் மூட்டு சேர்ந்திருக்குது. ஒரு நாள் விளிம்புல பூ வேலை. தரையில ஒரு சீவல் கிடையாது, பெருக்கி வெச்சிட்டுப் போறாரு!

— புனிதரு பெருக்கவும் செய்யறாரா?

— அதான்டா அவரோட தாழ்மை.

— ஓஹோ.

— இன்னிக்கி கண்ணால பார்த்துடணும்னு அரை நாள் லீவு போட்டேன். அரிசி டின்னுல கையை விட்டு ஜோதிகா ஒளிச்சு வெச்ச ஷெட்டு சாவியை எடுத்தேன். பீடத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்தேன், சாஞ்சேன், தூங்கிட்டேன். முழிச்சா இப்படி. சோதிச்சுப் பார்த்ததுக்கு என்னைப் பிடிச்சு வெச்சிட்டாருப்பா.

— இரு, காலு நோவுது. உக்காந்து யோசிக்கிறேன்.

— டேய் டேய்! அந்த முக்காலியில உக்காராத! அதுதான் என்னைக் கவுத்தது!

— ஆடலையே.

— இன்னாது?

— கல்லு மாதிரி நிக்குதுப்பா. பாரு, ஏறிக் குதிக்கிறேன்.

— யேசுவே! அதையும் செஞ்சிட்டாரா!

— சத்யா, கொஞ்சம் இரு. பீடத்துக் காலைச் சுத்திக் கட்டியிருக்குதே, இது பட்டுக் கழிவு நூலு.

— மோட்சத்துல பட்டு இருக்காதா?

— இருக்கட்டும். முடிச்சைப் பாரு. அறுந்த இழையைச் சேர்க்க தறியில போடுற முடிச்சு. நான் ஒரு நாளைக்கு நூறு தடவை போடுறேன். உங்காளு தச்சரா, நெசவாளியா?

— காஞ்சிபுரத்துக்கு வர்றவரு கத்துக்காம வருவாரா?

— அரக்குக் கலரு வேற. என் தறிக் கழிவேதான். போன வாரம் பாத்திரம் தேய்க்கன்னு கேட்டு வாங்கிக்கினு போனது... சத்யா, நம்ம ஜோதிகா கல்யாணத்துக்கு முன்னாடி இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?

— பிள்ளையார்பாளையத்துல கூலிக்குத் தறி நெய்ஞ்சிக்கினு... டேய், கேட் சத்தம்! வந்துட்டா! அந்தக் கோணியை எடுத்து என் மேல போடு!

— பீடத்தையும் சேர்த்தா?

— சேர்த்துத்தான்டா!

— வரதண்ணா, அந்தக் கோணியை எடுங்க. அடியில செருப்பு தெரியுது.

— ஜோதிகா... நான் சும்மா... ஒரு தடவை பார்த்துட்டு...

— ஆட்டாதீங்க! மூட்டு விட்டுடும். அண்ணா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. மடிச்சிடாதீங்க, உப்புத்தாள்.

— உப்புத்தாளா? ஜோதிகா, நீ கோயிலைப் பெருக்கத்தானே போன?

— கோயிலைப் பெருக்க உபதேசியாரு இருக்காருங்க. பசை காய்றதுக்குள்ள கடைக்குப் போய்ட்டு வந்துடலாம்னு போனேன். வந்து பார்த்தா, பசை மேலயே கையை வெச்சிக்கினு குந்தியிருக்கீங்க.

— அப்போ... சூசையப்பர்?

— நீங்க இழைச்ச காலுல நிறுத்தியிருந்தா சூசையப்பர் சாமியார் மேலயே விழுந்திருப்பாரு. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கேட்கிறேன், 'ஒரு தடவை இழைப்புளியைக் கொடுங்க'ன்னு. 'நீ பிடிச்சா கையை உடைச்சிக்குவ'ன்னீங்க.

— என் சாமான்... ஜோதிகா, என் சாமான் இன்னா ஆவுறது?

— கால் வெச்சாச்சு. கையெழுத்தும் உங்களுது. உங்க கையை விட்டுப் போய் என் கைக்கு வந்துடுச்சு. மரம் பிடிக்க ஆள் வேணும்னா கூப்பிடுறேன்.

— தங்கச்சி, அந்தப் பஞ்சாயத்து அப்புறம். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாவுக்கட்டை அறுத்துட்டா கை தனியா வந்துடும். நாலு நாள்தானே குறையுது, கெஞ்சிக் கேட்டா அறுக்க மாட்டாங்களா?

— கெஞ்ச வேணாம்ணா, பத்து நாளா அவங்கதான் போன் மேல போன் போட்டுக் கூப்பிட்டுக்கினு இருக்காங்க. டாக்டர் நாலு வாரம்தான் சொன்னாரு. மேல் பலகைக்கு எனக்கு இன்னும் ரெண்டு வாரம் வேண்டியிருந்துச்சு.